தர்மபுரியா, கருப்பூரா, பெங்களூரா: இயற்பியல் முதுநிலையை எங்கே படிப்பது?

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணும் ஓசூரிலிருந்து ஒரு பையனும் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் மேல்நிலைப் பள்ளியில் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். இப்போது இளநிலை இயற்பியலில் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா தக்காளி பயிரிடுகிறவர். அவரும் கூட வந்திருந்தார். பையனின் அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததால் குடும்பம் சில வருடங்களுக்கு முன் அங்கே குடிபோய்விட்டது. இருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: எம்.எஸ்சி. எங்கே படிப்பது? நான் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகப் பதில் சொன்னேன். பெண்ணின் அப்பா மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டியிருந்ததால் முழுக் காரணத்தையும் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இரண்டு மாவட்டங்களிலும் இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.

கல்லூரிகளின் பெயர்களை வரிசைப்படுத்துவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதுநிலை முடித்த மறுநாள் நீ என்ன செய்யப் போகிறாய்? மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.எஸ்சி.யோடு பி.எட். வேண்டும், அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் என்றால் தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சி, அல்லது முனைவர் பட்டம். ஆராய்ச்சி என்றால் நெட், கேட், ஜெஸ்ட் போன்ற தேர்வுகளில் ஒன்றைத் தாண்டி முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும். இந்த மூன்று வழிகளுக்கும் ஒரே கல்லூரி சரியான விடை ஆகாது. இரண்டாவதாக, நீ சேரும் இடத்தில் வகுப்பு, பயணம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் போக ஒரு நாளில் உனக்கென்று எத்தனை மணி நேரம் மிஞ்சும்? இயற்பியலைக் கணக்குப் போட்டுத்தான் கற்க முடியும். அந்தக் கணக்கை யாரும் வகுப்பில் உனக்காகப் போட்டுத் தரமாட்டார்கள்.

முதலில் வீட்டுக்கு அருகில் இருப்பவற்றைப் பார்ப்போம். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியிலும் கிருஷ்ணகிரி அரசு ஆடவர் கலைக் கல்லூரியிலும் இயற்பியல் முதுநிலை இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையம் ஒன்று தர்மபுரி அருகே பைசுஅள்ளியில் இருக்கிறது. 1997-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம்தான் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் உரியது. ஆகவே இவற்றில் எங்கே படித்தாலும் பட்டச் சான்றிதழின் தலைப்பில் வருவது ஒரே பெயர்தான். கட்டணம் அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும்.

அரசுக் கல்லூரி என்றதும் முகம் சுளிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. முதுநிலை ஆய்வகத்தில் கார்னு முறை என்று ஒரு சோதனை உண்டு. ஒரு கண்ணாடிப் பட்டையை இரண்டு கத்தி முனைகளின் மேல் கிடத்தி, இரு நுனிகளிலும் எடையைத் தொங்கவிடுவோம். நடுவில் அதன் மேல் ஒரு சமதளக் கண்ணாடி. சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை அதன்மேல் விழச்செய்து நகரும் நுண்ணோக்கியில் பார்த்தால், முதலில் ஒன்றும் தெரியாது. நுண்ணோக்கியை மயிரிழை மயிரிழையாக இறக்கிக்கொண்டே வர, திடீரென்று கறுப்பும் மஞ்சளுமாக வளைந்த கோடுகள் எழும்பும். இரண்டு வில்களை முதுகோடு முதுகாக வைத்தாற்போல அதிபரவளைய வடிவில் நிற்கும். இன்னும் ஓர் எடையைச் சேர்த்தால் கோடுகள் நெருங்கி வரும். கண்ணாடி வளைகிறது! கையால் தொட்டாலும் தெரியாத, கண்ணால் பார்த்தாலும் தெரியாத அந்த வளைவை ஒளியின் அலைநீளத்தையே அளவுகோலாக வைத்து அளந்து, கண்ணாடியின் மீள்தன்மையைச் சொல்லும் யங் குணகத்தையும் பாய்சான் விகிதத்தையும் எடுத்துவிடுகிறோம். நான் இதை முதன்முறை பார்த்த அன்று ரெக்கார்டு நோட்டை மறந்துவிட்டு அரை மணி நேரம் எடையை ஏற்றுவதும் இறக்குவதுமாக நின்றிருந்தேன். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தர்மபுரியில் தெரியும் கோடுதான் வேறெங்கும் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. முதுநிலை கடைசி செமஸ்டரில் வரும் திட்டப்பணியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் படிகம் வளர்ப்பது வெகுகாலமாக வழக்கத்தில் இருக்கிறது. கரைசலை பீக்கரில் ஊற்றி, வாயைத் துளையிட்ட தாளால் மூடி, அசைக்காமல் வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீர் மெல்ல ஆவியாக அடியில் கண்ணாடித் துண்டுபோல் படிகம் வளர்ந்து நிற்கும். பொறுமையையும் சுத்தத்தையும் கற்றுத்தரும் நல்ல வேலை அது. அதன்பின் அந்தப் படிகத்தைப் பொட்டலம் கட்டி எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக்கும் நிறமாலைக்கும் வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். சில வாரம் கழித்து வரைபடம் திரும்பி வரும். வரைபடத்தை அறிக்கையில் ஒட்டும் மாணவர் அந்தக் கருவியைப் பார்த்ததே இருக்காது. ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு இது பெரிய இழப்பு. ஆசிரியராகப் போகிறவருக்கு அவ்வளவு இழப்பு இல்லை. உள்ளூரில் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது: படிகத்தை அனுப்பும் நாளில் வழிகாட்டியிடம் அனுமதி கேட்டு நீங்களே அதை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நாள் முழுக்க அந்தக் கருவியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது கருப்பூர், அதாவது சேலம் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம். பல்கலைக்கழகத் துறை என்பதால் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பக்கத்து அறையிலேயே இருப்பார்கள். நூலகம் பெரியது, கருத்தரங்குகள் நடக்கும். தர்மபுரிக்காரர்கள் பலர் இதைத் தினமும் போய்வரும் தூரம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். பென்னாகரத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து தர்மபுரி வந்து, பஸ் மாறி, இரண்டு வருடம் சேலம் பக்கம் போய்வந்து முதுநிலையை முடித்தேன். காலையில் குவாண்டம் இயக்கவியல் நோட்டை மடியில் விரித்து உட்காருவேன். தொப்பூர் கணவாய் வருவதற்குள் தூங்கிவிடுவேன். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் நான்கு செமஸ்டருக்கு 360 நாள். 1,440 மணி நேரம். அந்த நேரத்தில் புள்ளியியல் இயக்கவியலைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை மூன்று முறை போட்டு முடித்திருக்கலாம். முதுநிலைக்குப் பிறகு நெட் தேர்வுக்கு உட்கார்ந்தபோதுதான் நான் எதையெல்லாம் கற்காமல் விட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. ஆகவே கருப்பூர் என்றால் விடுதியோடு சேருங்கள். விடுதிக்கு வழியில்லை என்றால், ஒரு மணி நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய உள்ளூர்க் கல்லூரியே மேல். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

மாநிலத்துக்குள் இன்னும் தள்ளிப் போகத் துணிந்தவர்கள் ஊரைப் பார்த்துப் போகாமல் துறையைப் பார்த்துப் போக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் கோட்பாட்டு இயற்பியலுக்கும் அணுக்கரு இயற்பியலுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் பேராசிரியர் மு. லட்சுமணனால் நேரியலற்ற இயக்கவியலுக்குப் பெயர்பெற்றது. அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் முதுநிலை இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டுத் தரும் வேலைக்கான படிப்பு அது. இயற்பியல் படித்துவிட்டு நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும் வேலை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நம் மாவட்டங்களில் இதைக் கேள்விப்பட்ட பிள்ளைகளே குறைவு.

இனி ஜாம் தேர்வு. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து முறைவைத்து நடத்தும் நுழைவுத் தேர்வு இது. பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கும், பிப்ரவரியில் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இந்த ஒரு மதிப்பெண்ணை வைத்து ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்கும், பொதுக் கலந்தாய்வின் வழியாகத் திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களுக்கும், எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் சேர்ந்த, இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். பாடத்திட்டம் முழுக்க இளநிலையில் நாம் படித்ததுதான்: கணித முறைகள், இயக்கவியல், அலைகளும் ஒளியியலும், மின்காந்தவியல், வெப்பவியல், நவீன இயற்பியல், திடநிலையும் மின்னணுவியலும்.

அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அஞ்சுவது ஏன்? கேள்வி கேட்கும் விதம் வேறு. நம் செமஸ்டர் தேர்வில் “ஒரு பரிமாணப் பெட்டிக்குள் இருக்கும் துகளின் ஆற்றல் நிலைகளை வருவி” என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். மனப்பாடம் செய்தவர் இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஜாம் போன்ற தேர்வில் அதே பாடம் இப்படி வரும்: பெட்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், புதிய பெட்டியின் எந்த நிலையின் ஆற்றல் பழைய பெட்டியின் தரைநிலை ஆற்றலுக்குச் சமமாக இருக்கும்? ஆற்றல் என்பது நிலையின் எண்ணுடைய வர்க்கத்துக்கு நேர்விகிதம், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நீளம் இரண்டு மடங்கு என்றால் கீழே நான்கு. மேலேயும் நான்கு வர வேண்டும். ஆகவே இரண்டாம் நிலை. விடை ஒரு வரி. வருவித்ததைப் புரிந்துகொண்டவருக்கு அரை நிமிடம் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை இதே கேள்வியை இருவரிடமும் கேட்டேன். பையன் சமன்பாட்டை முதலிலிருந்து எழுதத் தொடங்கினான். பெண் தாளை எடுக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துவிட்டு “இரண்டாவது நிலை சார்” என்றாள். பிறகு, “அப்படியென்றால் பழைய பெட்டியில் இல்லாத ஆற்றல்களும் இதில் புதிதாக வந்திருக்குமே?” என்று அவளாகவே கேட்டாள்.

ஆங்கிலம் வராதே என்பது அடுத்த பயம். தமிழ் வழியில் படித்தவர்களின் இந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. நானும் தமிழ் வழியில் வந்தவன்தான். ஆனால் இயற்பியல் கேள்வியின் ஆங்கிலம் கதைப் புத்தகத்தின் ஆங்கிலம் அல்ல. ஒரு முந்நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பத்து வருடத்துப் பழைய வினாத்தாள்களை எடுத்துத் தெரியாத சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் மூன்றாவது வினாத்தாளிலேயே புதுச் சொல் வருவது குறைந்துவிடும். பேசும் ஆங்கிலம் விடுதியில் ஒரு வருடத்தில் வந்துவிடும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வு இருக்கிறது. புதுச்சேரி, திருவாரூர், ஹைதராபாத் ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. ஜாமுக்குத் தயாரானவர் இதற்கென்று தனியாகப் பெரிதாகப் படிக்கத் தேவையில்லை. ஜாம் ஒன்றையே நம்பியிருக்காமல் இதையும் கட்டாயம் எழுத வேண்டும்.

பெங்களூர் தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பையன்தான் கேட்டான். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான், தினமும் போய்வரலாம் என்றான். அவற்றில் நல்ல ஆசிரியர்களும் நல்ல ஆய்வகமும் உள்ள இடங்கள் உண்டு. ஆனால் கட்டணத்தை அரசுக் கல்லூரியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. எம்.எஸ்சி. இயற்பியலுக்குக் கல்விக் கடன் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். படித்து முடித்த மறு மாதமே தவணை கட்டும் அளவுக்குச் சம்பளம் தரும் படிப்பு இது அல்ல. தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. இயற்பியல் என்பதை ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பையனுக்கு நான் சொன்னது கிருஷ்ணகிரி. அவனுக்கு ஆசிரியராக வேண்டும். அதை இரண்டு வருடமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான். வீட்டில் தங்கை படிக்கிறாள், அப்பாவின் சம்பளம் ஒன்றுதான். பெங்களூரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை எதிர்த் திசையில் பஸ் ஏறச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. அரசுக் கல்லூரி, குறைந்த கட்டணம், மாலையில் மூன்று மணி நேரம் கையில் மிச்சம். அந்த மூன்று மணி நேரத்தில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு வேண்டியதையும் நெட் பாடத்தையும் சேர்த்தே படித்துவிடலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். பிறகு பி.எட். வீட்டில் பணத்தேவை அவசரம் என்றால் வரிசையை மாற்றி பி.எட்.டை முதலில் முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம் என்றும் சொன்னேன். ஆனால் இரண்டு வருடம் இயற்பியலை விட்டு விலகியிருந்தபின் திரும்பி வந்து மின்காந்தவியல் படிப்பது கடினம், அதனால் எம்.எஸ்சி. முதலில் என்பதே என் விருப்பம். நல்ல இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஓசூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல.

பெண்ணுக்கு வெளியூர்தான் என்று சொன்னேன். அவள் போன வருடம் கல்லூரித் தோழிகளோடு ஒரு சனிக்கிழமை காவலூருக்குப் போய்வந்திருக்கிறாள். ஊத்தங்கரைக்கு அப்பால் தெரியும் அதே சவ்வாது மலையில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. அதற்கும் முன்பே, அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி 1977-இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வைப் பதிவுசெய்தவற்றில் ஒன்று. இதையெல்லாம் என்னிடம் சொன்னவளே அவள்தான். “நம் மலையிலிருந்து சார்!” என்று சொன்னபோது அவள் குரல் மாறியிருந்தது. இப்படிப்பட்ட பிள்ளையை வசதிக்காக வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பது பெரிய தவறு. முதலில் ஜாம், அதில் இந்திய அறிவியல் கழகம், பிறகு ஐ.ஐ.டி., என்.ஐ.டி. அடுத்து கியூட் வழியாகப் புதுச்சேரி அல்லது ஹைதராபாத். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் கருப்பூர், விடுதியோடு. கடைசியாகத்தான் தர்மபுரி. அப்படி ஆனாலும், கோடையில் நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வழங்கும் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகைக்கு முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

அவள் அப்பா அதுவரை பேசவே இல்லை. பிறகு நிதானமாக இரண்டு கேள்வி கேட்டார். இத்தனை வருடப் படிப்புக்கு யார் பணம் கட்டுவது? பெண் பிள்ளை தனியாக எப்படி இருப்பாள்?

முதல் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தால் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். எம்.எஸ்சி. முடித்து நெட்டில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். தக்காளி ஒரு வாரம் பெட்டிக்கு நல்ல விலை போய், மறுவாரம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதைப் பார்த்து வாழும் மனிதர் அவர். மாதம் தவறாமல் வரும் பணம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது கேள்விக்கு அவள் அப்பாவிடம் நான் சொன்னது: பெங்களூர் வளாகத்தில் விடுதி உள்ளேயே இருக்கிறது, தர்மபுரியிலிருந்து ரயில் போகிறது, நேரில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். யார் வேண்டுமானாலும் ஆய்வகங்களுக்குள் போகலாம். அந்த நாளில் மகளை அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

கிளம்பும்போது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மாநில அரசு தந்த சாதிச் சான்றிதழ் ஜாம் விண்ணப்பத்துக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில் வசதிபடைத்த பிரிவினர் அல்லர் என்ற பிற்படுத்தப்பட்டோர் சான்று தனியாக வேண்டும், அதுவும் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இந்த ஒரு தாள் இல்லாமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் இப்போதே பதிவுசெய்துவிட்டு தாசில்தார் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள் என்றேன். அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை போன் வந்தது: விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, பழைய வினாத்தாள்கள் எங்கே கிடைக்கும் என்று மகள் கேட்கச் சொன்னாள் என்றார்.